வாயிலை எந்த நிலையில் விட்டு வந்தீர்?

"மார்ச் 4, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். பதினான்காம் கேள்விக்கு நடந்ததை எழுதிவிட்டேன்."

அன்று மாலை தன் நாட்குறிப்பில் இதை எழுதிய பிறகு பல்காரர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். 'சிறு' என்பது சரிதானா என்று ஒரு சந்தேகம். அந்த வார்த்தையை அடித்தார். அடித்ததும் தவறு ரொம்பப் பெரிதாகிவிட்டதுபோலத் தோன்றவே மறுபடியும் எழுதிச் சேர்த்தார். முப்பது வயதுதான் ஆகிறது; ஆனால் சுபாவம் அப்படி. ஒரு பல்செட்டைச் செய்து கொடுத்தால் மூன்று தடவை கடித்துப் பார்க்கச் சொல்வார். மூன்று தடவையும் சரியாக இருந்தால், கடித்தவர் மரியாதைக்காகப் பொய் சொல்கிறாரோ என்று கவலைப்படுவார்.

அவர் நாட்டை இழந்ததும் பல்லால்தான். ஆட்சி கவிழ்ந்த ஒன்பதாம் நாள் புதிய அரசாங்கம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் தளபதிகள், மந்திரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் கீழே, இருநூற்றுப் பதினோராவது ஆளாகப் பல்காரர் இருந்தார். "கவிழ்ந்த தலைவர் பேசிய பொய்களுக்கெல்லாம் மேல்வரிசை கட்டிக் கொடுத்தவன்" என்று எதிரே குற்றம் எழுதியிருந்தது. உண்மையில் மேல்வரிசையில் நான்கு பல்தான் அவர் கட்டியது. மீதியெல்லாம் தலைவரின் சொந்தப் பல். இதை யாரிடமாவது விளக்கிச் சொல்லலாமா என்றுகூட முதலில் யோசித்தார். அவருடைய அப்பாதான் அதட்டினார்.

"கிளம்புடா. விளக்கமாம் விளக்கம்! உன்னைச் சுட்ட பிறகு கேட்டுக்குவானுங்க."

மனைவியும் ஆறு வயது மகளும் ஒரு வாரம் முன்னதாகவே ஆற்றைத் தாண்டி முகாமுக்குப் போயிருந்தார்கள். அப்பாவை விட்டுவர முடியாமல்தான் பல்காரர் தங்கியிருந்தார். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குமே பயணம். தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டபோது அவர் உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"வெளியே பூட்டு. பூட்டு தொங்கினா ஆளில்லைன்னு போயிடுவானுங்க. அடுத்த வீட்டுக்காரன் பின்பக்கமா சோறு குடுப்பான். போடா, நிக்காதே."

பல்காரர் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பதினான்காம் கேள்வி இந்தப் பூட்டைப் பற்றியது. "மாளிகையின் வாயிலை எந்த நிலையில் விட்டு வந்தீர்?" என்று கேட்டிருந்தது. "பூட்டிவிட்டு வந்தேன். இருமுறை இழுத்துப் பார்த்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

படிவத்தில் மாளிகை எங்கே வந்தது என்று கேட்கலாம். நாடிழந்தோர் வரவேற்பு இலாகா தொடங்கி நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அரியணை பறிபோன ஒரு மன்னர் அப்போது இந்த நாட்டில் வந்து இறங்கினார். அவரை முறைப்படி வரவேற்க ஒரு இலாகா ஏற்படுத்தி, ஒரு படிவமும் அச்சடித்தார்கள். மன்னர் பதினோரு ஆண்டு இருந்துவிட்டு இறந்துபோனார். இலாகா இறக்கவில்லை. படிவமும் அதேதான். முடிசூடிய தேதி, ஆண்ட நிலப்பரப்பு, உடன் வந்த குதிரைகள், கவிழ்த்தவர் தம்பியா தளபதியா என்று வரிசையாகக் கேட்கும். எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது. 'பொருந்தாது' என்று எழுதலாம். ஆனால் பொருந்தாது என்பதற்குத் தன் நாட்டு அரண்மனையிலிருந்து சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும்.

இந்த விவரமெல்லாம் பல்காரருக்குச் சொன்னவர் வரிசையில் பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணன். வேறொரு நாட்டில், வேறொரு கலகத்தில், பேருந்தைப் பயணிகளோடு எல்லைக்கு இந்தப் பக்கம் ஓட்டி வந்தவர். ஒன்பது வருடமாக வரிசையில் இருக்கிறார்.

"முடிசூடின தேதிக்கு என் கல்யாண நாளைப் போட்டுட்டேன் தம்பி. சூடினதும் அன்னிக்குத்தான், கவுந்ததும் அன்னிக்குத்தான்."

"குதிரைக்கு என்ன எழுதினீங்க அண்ணே?"

"ரெண்டு."

"இல்லாத குதிரையை எப்படி எழுதறது?"

"இல்லைன்னு எழுதினா சான்றிதழ் கேப்பான். இருக்குன்னு எழுதினா மாசம் ரெண்டு கட்டு புல்லு குடுப்பான். நான் அதுலதான் படுக்கறேன், நல்ல மெத்தை. என்ன, வருஷா வருஷம் குதிரையைக் காட்டுன்னு கேக்கறான். மேயப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒன்பது வருஷமா மேயுது."

பல்காரர் சிரித்தார். ஆனால் குதிரைக்கு 'இல்லை' என்றுதான் எழுதினார், ஆட்சி நிலப்பரப்புக்கு 'ஒரு வீடு, இரண்டு அறை' என்றும். ஆச்சரியம் என்னவென்றால் அதையெல்லாம் மூன்றாம் கவுண்ட்டர் அம்மா பொருட்படுத்தவே இல்லை. பதினான்காம் கேள்வியில் வந்துதான் விரலை ஊன்றினார்.

"ஏன் சார் பூட்டினீங்க?"

"பூட்டறது தப்புங்களா?"

"தப்புன்னு யாரு சொன்னா? பூட்டிட்டு வர்றவங்க திரும்பிப் போறவங்க. அதான் விதி. அந்த ராஜா எல்லாக் கதவையும் திறந்து போட்டுட்டு வந்தாராம். சாவி எங்கன்னு கேட்டதுக்கு, 'அது யார்கிட்ட இருக்கும்?'னு நம்மளையே திருப்பிக் கேட்டாராம். அவரு நாடிழந்தவரு. நீங்க வெளியூர் வந்திருக்கீங்க."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. வருத்தத்தோடுதான் 'பயணி' என்று முத்திரை குத்தினார். கூடவே 'எங்கள் நகரில் காணவேண்டிய பத்து இடங்கள்' என்ற வண்ணப் புத்தகமும், ஏரியில் படகுச் சவாரிக்கு ஒரு கூப்பனும் தள்ளினார்.

"ஏரி நல்லா இருக்கும் சார். குடும்பத்தோட போயிட்டு வாங்க."

"குடும்பம் முகாம்ல இருக்குங்க. அவங்களைக் கூப்பிடத்தான் இந்த மனுவே."

"பயணிங்க யாரையும் கூப்பிட முடியாது சார். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள நீங்களே ஊருக்குத் திரும்பணும். கூப்பன் அதுவரைக்கும்தான் செல்லும்."

முகாமும் அதே முப்பத்தொன்றாம் தேதிதான் மூடப்படுகிறது. நாடிழந்தவர் என்று அங்கீகாரம் பெற்ற உறவினர் இங்கே இருந்தால் வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். இல்லாதவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம், சொந்த நாட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பல்காரர் மேல்முறையீடு செய்தார். இருபத்தேழாம் தேதி விசாரணை. அதற்கு முன் இருபதாம் தேதி நடக்கும் நிறுவன நாள் சொற்பொழிவைக் கேட்டு, கேட்டதற்கு முத்திரை வாங்க வேண்டும்.

ஞாயிறுதோறும் முகாமிலிருந்து மூன்று நிமிடம் போனில் பேச விடுவார்கள்.

"என்னங்க, எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு. ஒரு சின்ன திருத்தம் இருக்கு."

"திருத்தமா? நீங்க எழுதினதுலயா? அதிசயம்தான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "இங்க பாதி கூடாரத்தைப் பிரிச்சுட்டாங்க. மாமாவைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"அடுத்த வீட்டுக்காரங்களையும் கொண்டு போயிட்டாங்கன்னு இங்க ஒருத்தர் சொன்னாரு. நிஜமான்னு தெரியல."

அவர் பதில் சொல்வதற்குள் மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு முன்பல்லு ஆடுது."

"ஆட்டாதேம்மா. நான் வந்து பாக்கறேன்."

"நீ வரமாட்டே. நாங்கதான் வரணுமாம். தாத்தாவும் வருவாரா?"

மூன்று நிமிடம் முடிந்தது.

சொற்பொழிவு பெரிய கூடத்தில் நடந்தது. நாற்காலிகள் இலாகா ஊழியர்களுக்கு, நாடிழந்தவர்கள் நின்றார்கள். இலாகா இயக்குநர் மேடையேறினார். அவர் வாயைத் திறந்ததுமே பல்காரர் கண்டுகொண்டார்: கீழ்ப் பல்செட் அரை மில்லிமீட்டர் உயரம் அதிகம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'டக்' என்று ஒரு சத்தம்.

"வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள்!" என்றார் இயக்குநர். டக். "எத்தனை மன்னர்கள், எத்தனை ஞானிகள், எத்தனை கவிஞர்கள் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள்! அவர்களில் ஒருவராவது வரிசையில் முண்டியடித்ததாகச் சரித்திரம் உண்டா? கழிப்பறை எங்கே என்று கேட்டதாகக் கல்வெட்டு உண்டா? அவர்கள் வந்தார்கள். தொலைவில் தெரிந்த மலையைப் பார்த்து நின்றார்கள். பெருமூச்சு விட்டார்கள். காவியம் எழுதினார்கள். நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? மனு!"

முன்வரிசை ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"போன வருடம் மட்டும் முப்பதாயிரம் பேர் வந்திருக்கிறீர்கள். முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் நாட்டை இழந்தால் அதில் என்ன கம்பீரம் இருக்கிறது? அதற்குப் பெயர் நெரிசல். ஆனாலும் நாங்கள் முகம் சுளிப்பதில்லை. ஏனென்றால் இந்த இலாகா துன்பத்தை மதிக்கிறது. மதிப்பதால்தான் அதை எளிதில் யாருக்கும் வழங்குவதில்லை." டக்.

"ஒன்பது வருஷமா இதே பேச்சுதான்" என்று டிரைவர் அண்ணன் காதோரம் சொன்னார். "நெரிசல்ங்கிற வார்த்தை மட்டும் இந்த வருஷம் புதுசு."

வெளியே வரும்போது ஆளுக்கொரு முத்திரை குத்தினார்கள். "உருகினார்" என்று அதில் இருந்தது.

இருபத்தேழாம் தேதி விசாரணை அறைக்குள் நுழைந்த பல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அறையின் நடுவில், சுவரே இல்லாமல், ஒரு கதவு மட்டும் நிலையோடு நின்றுகொண்டிருந்தது. மன்னரின் மாளிகைக் கதவைப் பார்த்துச் செய்ததாம். மேசைக்குப் பின்னால் இயக்குநரும், பக்கத்தில் குறிப்பெடுக்க மூன்றாம் கவுண்ட்டர் அம்மாவும் இருந்தார்கள். சுவரில் சட்டம் போட்ட ஒரு பழைய கடிதம் தொங்கியது.

"செய்முறைத் தேர்வு" என்றார் இயக்குநர். "அதுதான் உங்கள் வீடு. நாட்டைவிட்டுக் கிளம்புங்கள்."

பல்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் போனார். நிலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். வலது கை தானாகவே பின்னால் போய்க் கதவை இழுத்துச் சாத்தியது. கொண்டியைப் போட்டது. இரண்டு முறை இழுத்துப் பார்த்தது.

"பார்த்தீர்களா! எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. பயணியின் கை. இன்னொரு வாய்ப்பு தருகிறோம்."

இரண்டாம் முறையும் அதே கதைதான். மூன்றாம் முறை கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தார். நான்கடி நடந்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பிக் கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தொழில் செய்தீர்கள்?" என்றார் இயக்குநர் சலிப்போடு.

"பல் கட்டற வேலைங்க. உங்க கீழ்செட்டு அரை மில்லி உசரமா இருக்குங்க. பேசிப் பேசி ஈறு புண்ணாகியிருக்குமே."

இயக்குநர் வாயை மூடினார். நாக்கு உள்ளே இடது பக்கம் துழாவுவது வெளியிலிருந்தே தெரிந்தது. "சரிசெய்ய முடியுமா?"

"பத்து நிமிஷ வேலைங்க."

"பயணி வேலை செய்ய விருப்பம் தெரிவித்தார். இது குற்றம். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா."

அந்த அம்மா எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "சார், ஏன் அந்தக் கதவை அப்படிப் பாக்கறீங்க? உள்ள என்ன இருக்கு?"

கேட்காததைச் சொல்லாதே என்று டிரைவர் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இப்போது கேட்டுவிட்டார்களே.

"எங்க அப்பா இருக்காருங்க."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பு, நாற்காலி, லாரிச் சத்தம், பூட்டு. இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"ஆக, வீட்டில் ஆள் இருக்கிறார். ஆள் இருக்கும் வீடு இழந்த வீடு ஆகாது. நீங்கள் பயணிகூட இல்லை. குடும்பத்தின் வெளியூர்க் கிளை."

"சார், சார்" என்று அந்த அம்மா குறுக்கிட்டார். "இருபத்திரண்டாம் கேள்வி இருக்கே. 'உடன் வர இயலாத விசுவாச ஊழியர்.' அவங்க அப்பாவை வாயிற்காவலர்னு போட்டுடலாமே. கதவு திறந்திருந்தது, காவலர் நின்னுக்கிட்டு இருந்தார். ராஜா விஷயத்துல அப்படித்தானே?"

இயக்குநர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "முன்னுதாரணம் இருக்கிறது!"

பல்காரருக்கு ஒரு நிமிடம் மூச்சு திரும்பியது. அப்பாவை ஊழியர் என்று எழுதுவது பிடிக்கவில்லைதான். ஆனால் எங்காவது ஒரு காகிதத்தில் அப்பா இருப்பார். அந்த அம்மா தாளில் கார்பன் வைத்துச் செருகி எழுத ஆரம்பித்தார். வயது அறுபத்தெட்டு. பணி, வாயில் காத்தல். விசுவாசம் சாதாரணமா, மிகுதியா?

"மிகுதிங்க."

"எந்த அறையில இருக்காரு?"

"உள்ளறை, ஜன்னலுக்கு இடது பக்கம்." சொல்லிவிட்டு, எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தில் தாள்களை எண்ணினார். "மூணு நகல் எதுக்குங்க?"

"எங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, உங்க நாட்டு அரசாங்கத்துக்கு ஒண்ணு."

"எங்க அரசாங்கத்துக்கா?"

"பழைய ஒப்பந்தம்" என்றார் இயக்குநர் பெருமையோடு. "விட்டுவிட்டு வந்த ஊழியர்கள் பத்திரமாக இருக்க வேண்டுமே! அவர்கள் இன்னார், இந்த முகவரியில், இந்த அறையில் இருக்கிறார்கள் என்று அந்தந்த அரசுக்கே எழுதித் தெரிவிப்போம். நூற்று நாற்பது ஆண்டுகளில் ஒரு நகல்கூடத் தவறியதில்லை. மன்னரின் ஊழியர் பதினேழு பேர். பட்டியல் கிடைத்தது, மிகவும் உபயோகமாக இருந்தது என்று புதிய அரசு நன்றிக் கடிதமே எழுதியது. அதோ, சுவரில்."

பல்காரர் சுவரைப் பார்த்தார்.

"அந்தப் பதினேழு பேருக்கு என்ன ஆச்சுங்க?"

"அதற்குப் படிவம் இல்லை."

பல்காரர் மேசையருகே வந்தார். அவர் குரல் மிகவும் நிதானமாக இருந்தது.

"தப்பா சொல்லிட்டேங்க. வீட்ல யாரும் இல்ல."

"அப்பா இருக்கிறார் என்றீர்களே?"

"எனக்கு அப்பா இல்லைங்க."

"உறுதியாக?"

"உறுதியா. யாருமே இல்ல. வீடு காலி. கதவைத் திறந்து போட்டுட்டு வந்தேன்."

"அப்படியானால் கிளம்பிக் காட்டுங்கள்."

பல்காரர் நான்காம் முறையாகக் கதவைத் தாண்டி வந்தார். கை பின்னால் போகவில்லை. கால் நிற்கவில்லை. மேசை வரை நேராக நடந்தார். பின்னால் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"அற்புதம்!" என்று இயக்குநர் எழுந்து கை குலுக்கினார். "இப்போதுதான் ஐயா நீங்கள் வரலாற்றில் நுழைந்தீர்கள்." டக்.

'நாடிழந்தவர்' என்று முத்திரை விழுந்தது. எழுதிய மூன்று தாள்களையும் அந்த அம்மா கிழித்தார், கார்பனோடு சேர்த்து. தாள்களுக்கு வரிசை எண் உண்டு; குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். துண்டுகளைத் தன் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினார். பல்காரரை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது குரலைத் தாழ்த்தினார்.

"குடும்பம் வந்ததும் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேப்பாங்க சார். அஞ்சு வயசு தாண்டின குழந்தைங்களையும் கேப்பாங்க. வீட்ல யாரு யாரு இருந்தாங்கன்னு. ஒரே பதிலா இருக்கணும். அன்னிக்கு நான் இருக்கமாட்டேன், வேற ஆளு."

வெளியே டிரைவர் அண்ணன் காத்திருந்தார்.

"என்ன தம்பி, கிடைச்சுதா?"

"கிடைச்சுது அண்ணே."

"பின்னே மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நானா இருந்தா ரெண்டு குதிரையையும் அவுத்து விட்டிருப்பேன்."

"அப்பா இல்லைன்னு சொல்லிட்டேன் அண்ணே. கேட்டாங்க, இல்லைன்னுட்டேன்."

டிரைவர் அண்ணன் பல்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சாலையைக் கடக்கும்வரை விடாமல் நடந்தார்.

இரண்டு நாள் பல்காரர் நாட்குறிப்பைத் தொடவில்லை. ஞாயிறு மாலைதான் மேசையில் உட்கார்ந்தார். தேதியைப் போட்டார். மார்ச் 29. நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதி, நன்றாகத் தெரியாதபடி அடித்தார். பிறகு நாளைய வேலையை மட்டும் எழுதினார்:

"நாளை காலை ஆறரைக்கு முகாம் வண்டி வருகிறது. ஆறு மணிக்கே போய் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு இலாகாவில் மூவரும் இருக்க வேண்டும். வண்டி நிலையத்திலிருந்து இலாகாவுக்கு நடந்தால் இருபது நிமிடம். முதல் பத்து நிமிடத்தில் மனைவிக்குச் சொல்ல வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில், தாத்தா என்று யாரும் இருந்ததே இல்லை என்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."